நீலமாக மாற்றிய சார்ஜ் பல்பு

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன மாதம் சங்கக் கூட்டத்தில் என்னை மேடையேற்றி, "அண்ணா, உங்க அனுபவத்துல ஏதாவது சொல்லுங்க" என்றீர்கள். மைக்கைப் பிடித்து இரண்டு நிமிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் முப்பத்தாறு வருடம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தேன். எல்இடி, ரிலே, கலர் மாறும் ஸ்ட்ரிப் லைட் இவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். அதையெல்லாம் எழுதப் போவதில்லை. தினமும் கடை சாத்துவதற்கு முன் அன்றைய வேலையை ஒரு நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். கிழமை, தமிழ்த் தேதி, எந்த வண்டி, எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், மழையா வெயிலா என்று எல்லாம் இருக்கும். இதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் என்னைக் "கிராமக் கணக்குப்பிள்ளை" என்று கிண்டல் செய்வார்கள். இங்கே நான் சொல்லும் நாட்கள் அந்த நோட்டுகளில் இருந்து எடுத்தவை, ஞாபகத்தில் இருந்து அல்ல. ஞாபகத்தை நம்பக் கூடாது என்பதும் இந்தக் கதையில் வருகிறது.

புரட்டாசி மாதம், ஆயுத பூஜைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் நம் கடைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்க ஹெட்லைட் ஒன்று எரியாமலே ஓட்டியவன்கூட அந்த வாரம் வந்து வண்டியைக் கல்யாணப் பெண்ணாக்கச் சொல்வான். என் கடை வாசலில் ஏழு வண்டி நின்றது. நான்காவது வண்டி செல்வராசுடையது.

செல்வராசு ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையின் டிரைவர். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மூடிய வண்டியில் ஏற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கொண்டுபோவான். பின்பெட்டிக்குள் காற்றுக்காக ஆறு விசிறிகள் உண்டு. அவை வண்டி பேட்டரியில் ஓடுபவை. விசிறி நின்றால் குஞ்சுகள் ஒன்றின் சூட்டில் ஒன்று வெந்துவிடும். அதனால் அவன் எஞ்சினை அணைக்கவே மாட்டான், வேகமாகவும் போக மாட்டான். கியர் மாற்றுவதுகூடத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இருக்கும். மற்ற டிரைவர்கள் அவனுக்கு "அடைக்கோழி" என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஏப்பா அடைக்கோழி, முட்டையெல்லாம் நல்லா இருக்குதா?" என்று ஒருவன் அன்றைக்கும் கேட்டான்.

"உன்ற மண்டைய வெச்சுப் பாரு, அதையும் பொரிச்சுத் தாரேன்" என்றான் செல்வராசு.

அவன் கேட்ட வேலை சின்னது. மீட்டர் போர்டில் இருக்கும் மங்கலான மஞ்சள் பல்புகள் அத்தனையையும் எடுத்துவிட்டு நீல எல்இடி போட வேண்டும். சாவி போட்டதும், பகலோ இரவோ, மீட்டர் முழுக்க நீலமாக எரிய வேண்டும். பத்துப் பல்பு மாற்றினேன். பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்புப் பல்பை மட்டும் விட்டுவிட்டேன். சாவி போட்டுக் காட்டியதும் அவன் முகம் சுருங்கியது.

"ஏனுங்ண்ணா, இது ஒண்ண மட்டும் ஏன் உட்டுட்டீங்க?"

"அது எச்சரிக்கை லைட்டு சாமி. சிவப்பாத்தான் இருக்கோணும்."

"ஊரே நீலமா இருக்கையில ஒரு ஊடு மட்டும் சிவப்பா இருந்தா நல்லாவா இருக்குது? எரிஞ்சாச் சரிங்ண்ணா, எந்தக் கலரா இருந்தா என்ன? எது எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

பின்னால் மூன்று பேர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பல்புக்கு மேல் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைச் சுரண்டி எடுத்தேன். பழைய பல்பைப் பிடுங்கிவிட்டு நீல எல்இடியைச் செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைய நோட்டில் "சார்ஜ் பல்பு உட்பட பதினொன்று" என்று எழுதியிருக்கிறேன்.

எச்சரிக்கை விளக்கின் நிறத்தை மாற்றியது தெரிந்தே செய்த தப்பு. அதற்குள் தெரியாமல் செய்த தப்பு இன்னொன்று இருந்தது. அது எனக்குப் பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆறு மாதம் வண்டி நன்றாக ஓடியது. இதைக் கவனியுங்கள் தம்பிகளே. ஆறு மாதம் ஓடிய வேலையை நம் மனம் சரியான வேலை என்று முடித்து வைத்துவிடுகிறது. பிறகு ஏதாவது நடந்தால் சந்தேகம் அந்தப் பக்கமே போகாது.

பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை, மதியம் மூன்றரை மணி. பண்ணை முதலாளியே போன் செய்தார். "எலக்ட்ரீசியன், கையோட வோல்ட் மீட்டரை எடுத்துக்கிட்டு வாங்க. உங்க வார்த்தை ஒண்ணு வேணும்" என்றார்.

போனபோது பண்ணை முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கட்டி இழுத்துவந்த வண்டி நடுவில் நின்றது. பக்கத்தில் குஞ்சுப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சாதாரணமாகக் குஞ்சுப் பெட்டி இருக்கும் இடத்தில் காது அடைக்கும். அங்கே சத்தமே இல்லை. செல்வராசு சட்டை முழுக்க ஈரமாக, வண்டிச் சக்கரத்தின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றான்.

நடந்தது இது. அன்று காலை லோடு ஏற்றிப் புறப்பட்டவன், ஓமலூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் டீசல் போட்டிருக்கிறான். பங்கைவிட்டு வெளியே வந்ததும் ரோடு அடைத்திருந்தது. முன்னால் கணவாயில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்து இரண்டரை மணி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. உச்சி வெயில். முதலில் விசிறிகளின் சத்தம் இறங்கியது, பிறகு நின்றது, கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் தானாக நின்றுவிட்டது. அவன் கதவுகளைத் திறந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, ரோட்டோரப் புளிய மரத்தடியில் வைத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறான். பாதிக்கு மேல் செத்துப் போயின.

முதலாளி அதை நம்பவில்லை. அவருக்கு அவருடைய நியாயம் இருந்தது.

"எஞ்சின் ஓடுனா பேட்டரி எப்படிடா எறங்கும்? உனக்குன்னு தனியா எறங்குமா?"

"ஓடிக்கிட்டேதானுங்க இருந்துச்சு."

"ஆஃப் பண்ணி வெச்சுட்டு அந்த டீசலை எவனுக்கு ஊத்துன? சொல்லு, பரவால்ல, சொல்லிரு."

"கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்றனுங்க. எந்தக் கோயில்ல வேணும்னாலும் கூட்டிக்கிட்டுப் போங்க. இப்பவே வாரேன்."

நம் பக்கத்தில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. முதலாளியே ஒரு கணம் தயங்கினார்.

"சத்தியம் அப்புறம். மொதல்ல வண்டி பேசட்டும்" என்று என் பக்கம் திரும்பினார்.

வண்டியில் இருந்த ஜிபிஎஸ் பெட்டி, வண்டி நின்ற இடத்தை மட்டும்தான் காட்டியது. எஞ்சின் ஓடியதா இல்லையா என்று காட்டாது. ஆகவே கேள்வி முழுக்க என் மீட்டரின் மேல் வந்து நின்றது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்றால் செல்வராசு சொல்வது உண்மை. சார்ஜ் செய்தால் அவன் எஞ்சினை அணைத்திருக்கிறான். இரண்டில் ஒன்றுதான்.

வேறு பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்தேன். இத்தனை வருடமாகச் செய்த மாதிரியே ஆக்சிலேட்டரை இரண்டு முறை நன்றாக மிதித்து உறுமவிட்டேன். மீட்டரை வைத்தேன். பதினான்கு வோல்ட். குறையே இல்லை. விசிறிகளைப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இறங்கவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன், ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். செல்வராசை ஒரு கேள்வியும் கேட்டேன்.

"மீட்டர்ல லைட்டெல்லாம் ஒழுங்கா எரிஞ்சுதா?"

"எல்லாமே எரிஞ்சுதுங்ண்ணா. ஒண்ணுகூட அணையல."

அவன் உண்மையைத்தான் சொன்னான். ஒன்றுகூட அணையவில்லை. அணைந்திருக்க வேண்டிய சார்ஜ் பல்பும் அணையவில்லை. மற்றவற்றோடு சேர்ந்து நீலமாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை நீலமாக்கியவன் அவன் முன்னால் நின்று அந்தப் பதிலைக் கேட்டான், கேட்டுத் தலையாட்டினான்.

"ஏனுங்க, வண்டில கோளாறு இருக்குதுங்களா, இல்லீங்களா? ஒரே வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார் முதலாளி.

"வண்டி நல்லா இருக்குதுங்க" என்றேன்.

முதலாளி செல்வராசிடம் திரும்பினார். "இப்ப வாடா கோயிலுக்கு. பண்ணுவியா?"

அவன் என்னைப் பார்த்தான். என்மேல் கோபப்பட்ட பார்வை இல்லை அது. கணக்கு வராத பையன் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான்.

"தெரியலீங்க" என்றான்.

முற்றத்தில் நின்றவர்கள் ஒரு மாதிரி மூச்சுவிட்டார்கள். ஒருவன், "அடைக்கோழி அகப்பட்டுக்கிச்சு" என்றான். எஞ்சினை அணைத்தது தன் தவறுதான் என்று எழுதிய தாளில் அன்று மாலை அவன் கையெழுத்துப் போட்டான். என் நோட்டில் அன்றைய பக்கம் இப்படி முடிகிறது: "வண்டி சரி. டிரைவர் தவறு." வண்டியைப் பற்றி எழுதுவது என் வேலை. அந்த இரண்டாவது வரியை எழுத என்னை யாரும் கேட்கவில்லை.

நாமக்கல் பெரிய ஊர் மாதிரி தெரியும். பண்ணைத் தொழிலில் அது ஒரே தெரு. ஒரு வாரத்தில் எல்லாப் பண்ணைக்கும் தெரிந்துவிட்டது. டீசல் திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு யார் சாவி கொடுப்பார்கள்?

ஆடி மாதம் வந்தது. கடைகளுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடும் ஒரு சின்ன வண்டிக்காரர் வந்தார். அவருக்கும் மீட்டரில் எல்இடி போட்டவன் நான்தான். மூன்று நாளைக்கு ஒரு முறை பேட்டரி இறங்குகிறது என்றார். என் கடையில் சோதித்தால் சார்ஜ் ஆகிறது. அவர் ஊருக்குள் ஓட்டினால் ஆகவில்லை. மூளை குழம்பி, ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு சேலம் அம்மாபேட்டைக்குப் போனேன். அங்கே மோட்டார்களுக்கு ஆர்மேச்சர் கட்டும் ஒருவர் இருந்தார். தறி ஓசை கேட்கும் சந்தில் ஒற்றை அறைக் கடை. என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் பல்பு என்ன போட்டிருக்கீங்க?"

"எல்இடி."

அவர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். "எத்தனை வருசமா சார் தொழில் பண்றீங்க?"

சொன்னேன்.

"அந்தப் பல்பு வெறும் வெளக்குன்னா நெனச்சீங்க? அது வழியா வர்ற கரண்ட்லதான் சார் ஆல்டர்னேட்டர் முழிச்சுக்குது. எல்இடி அவ்வளவு கரண்ட் விடாது. எஞ்சினை ஒரு தடவை உறும விட்டா தானா முழிச்சுக்கும், அணைக்கிற வரைக்கும் வேலை செய்யும். உறும விடாம மெதுவாவே ஓட்டுனா தூங்கிட்டேதான் இருக்கும்."

எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டும்போதெல்லாம் எப்படியும் வேகம் எடுத்து ஆல்டர்னேட்டர் விழித்துவிடும். அதனால்தான் ஆறு மாதம் தெரியவில்லை. விழிக்கும்வரை அந்த நீல விளக்கு எரிவதும் அவன் கண்ணுக்குப் பழகிப்போனது. அன்றைக்கு மட்டும் டீசல் போட எஞ்சினை அணைத்தான். மறுபடி ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் மெதுவாக ஊர்ந்து, நின்றுபோன வரிசையில் போய் நின்றான். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் வெயிலில், எரிச்சலில், இரண்டு முறையாவது ஆக்சிலேட்டரை மிதித்திருப்பான். குஞ்சுகள் அதிரக் கூடாது என்று இவன் மிதிக்கவே இல்லை. நான் சோதித்தபோது மிதித்தேன். தூங்கியதா என்று பார்க்கப் போனவன் அதை எழுப்பிவிட்டு, தூங்கவே இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டேன்.

நான் படித்த புத்தகங்களில் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் எல்லாரும் பொய் என்று தெரிந்து சொன்னவர்கள். கடைசியில் அவர்களுக்குத் தண்டனையோ மன்னிப்போ ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். தெரியாமல் சொன்னவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

தெரிந்தது ஆடி இரண்டாம் வெள்ளி. போய்ச் சொன்னது ஆவணி இரண்டாம் திங்கள். நடுவில் முப்பத்தொரு நாள். அந்த நாட்களில் நோட்டில் வேலையைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. கடையின் பேர் போகும் என்ற பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

முதலாளியிடம் போனேன். முழுக்கக் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட உடுங்க. அவனே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டான். ஆறு பண்ணைக்கு நானே போன் போட்டுச் சொன்னனுங்க, இவனைச் சேர்க்காதீங்கன்னு. இப்ப மறுபடி போன் போட்டு, பல்பு தப்பு பண்ணிப்போடுச்சுன்னு சொல்றதா? சிரிப்பாங்க."

செல்வராசின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். போர் போடும் ரிக் வண்டியில் உதவியாளாகச் சேர்ந்து வடக்கே போயிருந்தான். பின்னால் ரிக் சத்தம் கேட்டது. சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை அவன் தள்ளிப் போய் நின்றிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"அப்ப நான் அணைக்கலீங்களாண்ணா?"

"இல்ல சாமி. நீ அணைக்கல."

பிறகு சொன்னான்: "நீங்க வண்டி நல்லா இருக்குதுன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்ண்ணா. சாவியத் திருப்பி அணைச்சது கையில ஞாபகம் இருக்குதுங்க. அது பங்குலயா, ரோட்டுலயான்னு அப்புறம் எத்தனை யோசிச்சாலும் புடிபடல. மீட்டர் பொய் சொல்லாதுல்லங்க. சந்தேகத்தை வெச்சுக்கிட்டுக் கற்பூரம் அணைக்கக் கூடாதுங்களே."

திருடனாக இருந்திருந்தால் கூசாமல் கற்பூரத்தை அணைத்திருப்பான். நாங்கள் பதினைந்து பேர் அந்த முற்றத்தில் நின்றிருந்தோம். ஒருவனுக்கும் அது தோன்றவில்லை.

"ஊட்டுல போயி நீங்களே சொல்லிருங்ண்ணா" என்றான். "நான் சொன்னா அவ கேக்க மாட்டா."

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஊர். மறுநாள் போனேன். அவன் மனைவி ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நின்றபடியே கேட்டாள். நான் சொல்லி முடித்ததும் முதலில் கேட்டது இதுதான்:

"அவரு சொல்லச் சொன்னாருங்களா?"

"சொல்லச் சொன்னாரும்மா. ஆனா நடந்தது நெசம்." பையில் இருந்து ஆயுத பூஜை வாரத்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். என் விரல் "சார்ஜ் பல்பு உட்பட" என்ற இடத்தில் இருந்தது.

அவள் படித்தாள். நன்றாகவே படிக்கத் தெரிந்தவள்.

"இது நீங்க எழுதுனதுதானுங்களே" என்றாள். "அஞ்சு மாசமா என்ற அண்ணந்தம்பிக ஊட்டு வாசப்படி மிதிக்கறதில்லீங்க. பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய 'டீசல்'னு கூப்புடுறாங்க. அன்னைக்குப் பண்ணைக்கு ஓடியாந்து அத்தன பேரு கால்லயும் உழுந்தேன், எங்கூட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்லீங்கன்னு. அப்ப நீங்க உள்ளே கை கழுவிக்கிட்டு இருந்தீங்க. எலக்ட்ரீசியனே சொல்லிட்டாரும்மான்னு சொல்லித்தான் என்னைத் தொரத்துனாங்க. நானும் நம்பிட்டனுங்க. அவரு அழுதப்பக்கூட நம்பல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வண்டி நல்லா இருக்குதுன்னு சொன்னதும் நீங்க. இல்லைன்னு சொல்றதும் நீங்க. இதுல எந்தப் பேச்சை நான் நம்பறதுங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் நோட்டை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளே மேஸ்திரி கூப்பிட்டார். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தறிச் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

அடுத்த பங்குனியில் கடையை மூடினேன். செல்வராசு இன்னும் வடக்கேதான் இருக்கிறான். திருவிழாவுக்குக்கூட ஊருக்கு வருவதில்லை என்று கேள்வி. சார்ஜ் பல்பை மாற்றாதீர்கள், மாற்றினால் அதோடு சேர்த்து, போதிய கரண்ட் போக ஒரு ரெசிஸ்டரைப் போடுங்கள் என்று நீங்களே சொல்வீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. உங்கள் கைபட்ட வண்டிக்கு நீங்களே சாட்சியாக நிற்காதீர்கள் என்பதை வேண்டுமானால் என்னிடமிருந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண் கேட்டதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.